இரண்டு வயதுக்குள் வலிப்பு அறுவை சிகிச்சை: பெற்றோரின் அனுபவம் தேவை

வணக்கம். பாலக்கோடு அருகே வசிக்கும் எங்கள் 16 மாத மகளுக்கு டிஎஸ்சி2 என்ற மரபணுவின் மாற்றத்தால் மூளை முதலிய உறுப்புகளில் கட்டிகள் உருவாகும் டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற நோய் இருப்பது உறுதியாகியுள்ளது. கேழ்வரகுக் கூழ் ஊட்டும்போதே தலை சட்டென்று கவிழ்ந்து, இரு கைகளும் விறைத்து உயர்கின்றன. விகாபட்ரின் உட்பட மூன்று மருந்துகள் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. முன்பு ‘தாத்தா’ என்றவள் இப்போது அதையும் சொல்வதில்லை.

மூளையில் பல கட்டிகள் இருந்தாலும், வலிப்பு ஒரே கட்டியிலிருந்து கிளம்புவது வீடியோ இஇஜியில் (வலிப்பைப் படம்பிடித்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) தெரிந்தால் அதை அகற்றலாம் என்றும், மரபணுக் குறை மாறாவிட்டாலும் வலிப்பு நின்றால் வளர்ச்சிக்கு வழி பிறக்கலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். ‘வளரட்டும், பார்க்கலாம்’ என்கிறார்கள் உறவினர்கள். காத்திருப்பது சரியென எனக்குத் தோன்றவில்லை.

பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையிலோ திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையிலோ இந்த வயதில் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்வித்த பெற்றோர், பேச்சு எப்போது திரும்பியது, மருந்தைக் குறைக்க முடிந்ததா, செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.