கறுப்பு டீ-ஷர்ட்டில் டிடிஜி பிரிண்ட்: இரண்டே சலவையில் மங்கிவிட்டது, தப்பு யார் மேல்?

மழைக்காகம்:
தம்பியின் கல்லூரி விழாவுக்குக் கறுப்பு டீ-ஷர்ட் 35 பீஸ், திருப்பூரில் ஒரு இடத்தில் டிடிஜி பிரிண்ட் (பிரிண்டர் நேராகத் துணிமேலேயே இங்க் அடிப்பது) போட்டு வாங்கினோம். முழு காட்டன், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்). வந்தபோது படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அதைச் சுற்றி லேசாகக் கறைபோல ஒரு கட்டம், கொஞ்சம் புளித்த வாடை வேறு. இரண்டு சலவையில் வெள்ளை எழுத்தெல்லாம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. பிரிண்ட் போட்டவரைக் கேட்டால் துவைத்த விதம் சரியில்லை என்கிறார். நாங்கள் மெஷினில் போடுகிறோம், ஹாஸ்டல் பசங்க கையால் துவைக்கிறார்கள், துவைத்த எல்லாச் சட்டைக்கும் ஒரே கதி!

சோப்புநுரை:
உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். பிளீச் வேண்டாம், படத்தின்மேல் நேராக அயர்ன் வைக்க வேண்டாம். கல்லில் அடித்து பிரஷ் போட்டால் எந்தப் பிரிண்டும் நிற்காது.

பனியன்காரன்:
அதெல்லாம் சரிதான், ஆனால் துவைத்த எல்லாமே போயிருந்தால் நான் துவைத்தவரைச் சொல்ல மாட்டேன். இந்த வேலையில்தான் இருக்கிறேன். கறுப்புத் துணியில் முதலில் பிரீட்ரீட்மென்ட் திரவம் தெளித்து, ஹீட் பிரஸ்ஸில் காயவைத்து, அதன்மேல் வெள்ளை இங்க், அதற்கும் மேல்தான் கலர். திரவம் குறைந்தால் வெள்ளை நூலுக்குள் இறங்கிவிடும், அதிகமானால் நீங்கள் சொன்ன அந்தக் கட்டம், வாடை. அது பெரும்பாலும் முதல் சலவையில் போய்விடும், பயம் வேண்டாம். உண்மையான கோளாறு க்யூரிங்கில், அதாவது இங்க் துணியில் பிடிக்கக் கடைசியில் சூடு வைப்பதில். நாங்கள் 160 டிகிரியில் ஒன்றரை நிமிடம் பிரஸ் வைக்கிறோம். அவசர ஆர்டர் என்றால் சில இடங்களில் அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள், பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது, தண்ணீர் பட்டால்தான் தெரியும்.

துவைக்காத சட்டை இருந்தால் நனைத்த வெள்ளைத் துணியால் படத்தை அழுத்தித் தேயுங்கள். கலர் ஒட்டினால் க்யூரிங் பத்தவில்லை. ஒட்டாவிட்டால் மங்கிய சட்டையை செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்: இங்க் அப்படியே இருந்து, அதற்குள்ளிருந்து கறுப்பு ரோமம் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருந்தால் அது துணியின் கோளாறு, பயோவாஷ் (என்சைம் போட்டு மேல் ரோமத்தை நீக்குவது) ஆகாத துணியாக இருக்கும்.

மழைக்காகம்:
தேய்த்தேன் அண்ணா. கர்ச்சீப்பில் சிவப்பும் வெள்ளையும் அப்படியே வந்துவிட்டது. வீடியோ எடுத்து அனுப்பியதும் அவர் குரலே மாறிவிட்டது, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்கிறார். மறுபடி பிரஸ் வைத்தால் சரியாகுமா?

பனியன்காரன்:
போன இங்க் திரும்பாது, மிச்சம் இருப்பது நிற்கும். அதனால் துவைக்காத பீஸை மட்டும் பிரஸ் வைக்கச் சொல்லுங்கள், மங்கினதற்குப் புதுச் சட்டை கேளுங்கள்.

சோப்புநுரை:
அடுத்த தடவை ஒரே டிசைன், இரண்டு கலர், 35 பீஸ் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் விசாரியுங்கள். ஃபோட்டோ மாதிரிப் படம், ஒன்றிரண்டு பீஸ் என்றால்தான் டிடிஜி. சிலர் டிடிஎஃப் (பிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது) ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு டிடிஜி என்பார்கள், தடவிப் பார்த்தால் பிளாஸ்டிக் தாள் மாதிரி இருக்கும்.

மழைக்காகம்:
சரி, அடுத்த தடவை ஒரு பீஸ் போட்டு வாங்கி, துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு அட்வான்ஸ்.