கோர்செட்: இடுப்பில் குறுக்கு மடிப்பு போகவே மாட்டேங்குது

நான் தைத்தது 1880-கள் பாணி விக்டோரியன் கோர்செட் (கம்பி வைத்து, இடுப்பை இறுக்கிக் கட்டும் உடுப்பு). பக்கத்துக்கு 6 பேனல் (துணித் துண்டு), வெளியே சாட்டின், உள்ளே கூட்டீல் (நெருக்கமாக நெய்த உறுதியான துணி). முதுகுப் பக்கக் கட்டு நாடாவை இறுக்கினதும் இடுப்பை ஒட்டி, பக்கவாட்டு பேனல்களில் மட்டும் சாட்டின் குறுக்காகச் சுருங்கி உப்புது. உள்துணியில் ஒரு சுருக்கமும் இல்லை. முன்னால் பஸ்க் (கொக்கி வைத்த முன் கம்பி) பக்கமும் சுத்தம். அயர்ன் பண்ணினால் போகும், கட்டின பத்தே நிமிஷத்தில் திரும்ப வந்துடும்.

வளைவுத் தையல்களில் தட்டைக் கம்பியை எடுத்துட்டு 7 மி.மீ. சுருள் கம்பி போட்டாச்சு. இடுப்பு இழுபடாமல் இருக்க உள்ளே வைத்த இடுப்பு நாடாவையும் பிரித்து இறுக்கித் தைத்தாச்சு. கட்டினால் முதுகில் இரு விளிம்புக்கும் நடுவே இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக 5 செ.மீ., அதனால் அளவுக் கோளாறு இல்லை. இரண்டு துணியும் நேர்இழையில் (துணியின் நீளவாட்டு இழைப்படி) வெட்டியவைதான்.

என் சந்தேகம்: இரண்டையும் மேசையில் தட்டையாக வைத்து இணைத்ததால், இடுப்புக் குழிவில் வெளித்துணி நீளவாக்கில் மிஞ்சுது. கம்பி நுழைத்த பட்டிகளைப் பிரிக்காமல் அந்த மிச்சத்தை எடுக்க வழி உண்டா?