மறு: விடையோடு காரணமும் கேட்கும் வினாவுக்குத் தமிழ்ச்சொல்

> "விடை-காரண வினா" என்று வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம்.

பொருள் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் வகுப்பில் குழப்பும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் 'கூற்று–காரணம்' வினா நன்றாகப் பழக்கம். அதில் காரணத்தையும் வினா எழுதியவரே தந்துவிடுவார். நாம் பேசுவது வேறு வகை. இரத்த ஓட்டப் பாடத்திலிருந்தே ஒன்று:

நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் மிகுந்த இரத்தமா, குறைந்த இரத்தமா? ஏன் அப்படிச் சொல்கிறாய்?
(அ) தமனி என்றாலே ஆக்சிஜன் மிகுந்ததுதான்
(ஆ) படத்தில் அது நீலமாக இருக்கிறது
(இ) அது வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகிறது

'குறைந்த இரத்தம்' என்று சரியாகச் சொல்லிவிட்டு (ஆ)வைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கு வழக்கமான தேர்வில் முழு மதிப்பெண். உடம்புக்குள் நீல இரத்தம் ஓடுவதாக நம்புவது ஆசிரியருக்குத் தெரியவே வராது. (ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு.) இவ்வகைத் தேர்வை உருவாக்கும் முறையை ஆஸ்திரேலிய அறிவியல் கல்வி ஆய்வாளர் டேவிட் டிரகஸ்ட் 1988-இல் விளக்கினார். தவறான தெரிவுகளை மாணவர்களைப் பேசவிட்டு அவர்கள் வாயிலிருந்தே எடுக்க வேண்டும். இந்த வினாவின் உயிரே அங்குதான் இருக்கிறது.

என் பரிந்துரை: ஈரடுக்கு வினா. முதல் அடுக்கு விடை, இரண்டாவது காரணம். 'உன் விடையில் எவ்வளவு உறுதி?' என்று சேர்த்துக் கேட்கும் தேர்வுகளும் உண்டு. அவற்றை மூவடுக்கு என்று நீட்டிக்கொள்ளலாம். 'இரட்டை வினா' என்று வைத்தால் அப்படி நீளாது. போதாததற்கு இதே பாடத்தில் 'இரட்டை இரத்த ஓட்டம்' வேறு வருகிறது.

'நாடி வினா' என்றும் வைக்கலாம்; அழகான சொல், 'நோய்நாடி' என்ற குறளும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கே நாடி என்றுதான் பெயர். இதயப் பாடத்தில் அதைப் பார்க்கும் அங்குள்ள மாணவர் தமனியைப் பற்றிய கேள்வி என்றே எடுத்துக்கொள்வார்.

அப்புறம், 'குறையறி' என்ற அடைமொழி. 'குறையறி சோதனை' (மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று கண்டறியும் தேர்வு) கல்வியியலில் வழங்கும் சொல்தான், இங்கே மட்டும் வேண்டாம் என்பேன். காலுக்குப் போன இரத்தம் அங்கேயே செலவாகிவிடுகிறது, திரும்புவதில்லை என்று ஒரு பிள்ளை நினைக்கலாம். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று காட்டிய ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628-இல் தன் நூலை வெளியிடும் வரை ஐரோப்பிய மருத்துவர்களே பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலனைப் பின்பற்றி ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார்கள். தானே யோசித்து ஒரு விளக்கத்துக்கு வந்த பிள்ளையின் தாளில் 'குறை' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.