களையை விடச் சொன்ன வீட்டுக்காரர்: வயல்காரப் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல?

கேள்வி: உருத்திரபுரம் ரீச்சர்

வணக்கம். நான் கிளிநொச்சி உருத்திரபுரம் பக்கம் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். வகுப்பில் இருக்கிறவை அநேகமாய் இரணைமடுத் தண்ணியில் விதைக்கிற வீட்டுப் பிள்ளைகள். வருகிற ஞாயிறு வாசகம் மத்தேயு 13:24–30, கோதுமையும் களைகளும் என்ற இயேசுவின் உவமை. நல்ல விதை விதைத்த வயலில் எதிரி வந்து களை விதைக்கிறான்; பிடுங்கட்டோ என்று வேலைக்காரர் கேட்க, கோதுமையும் சேர்ந்து பிடுங்குப்படும், அறுவடை மட்டும் இரண்டையும் விடுங்கோ என்று வீட்டுக்காரர் சொல்கிறார். முன்கூட்டியே வாசித்துக் காட்டினேன். ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், அறுவடை மட்டும் களையை விட்டால் நெல்லு எங்கால வாறது? இயேசுவுக்கு வயல் தெரியாதோ?" என்று கேட்டான். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டான்.

"உவமையை அப்படியே எடுக்கக் கூடாது" என்று சொல்லிப் போட்டுப் போகலாம். எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் இருக்கு. வீட்டுக்காரர் ஏன் பேசாமல் விடச் சொன்னார் என்றதுக்கு என்னட்டை இருக்கிற விளக்கம் "கடவுள் பொறுமையானவர்" என்பது மட்டும்தான். இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் சுவரில் ஒரு படம் மாலையோட தொங்கும், இல்லாவிட்டால் மாலை போட மனமில்லாமல் தொங்கும். அவைக்கு முன்னால் அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆராவது உதவி செய்யுங்கோ.

பதில்: கட்டுக்கரைக் கமக்காரன்

பிள்ளை, நான் மன்னார் அடம்பன் பக்கம். கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழ வயல். சுவாமி வராத ஞாயிறுகளில கோயிலில செபவழிபாடு நடத்திறதும் நான்தான். அதால இந்த உவமையை ரண்டு பக்கத்தாலயும் கன காலம் யோசிச்சிருக்கிறன்.

முதல் உங்கட பெடியனுக்கு. 26ஆம் வசனத்தை வடிவாய் வாசியுங்கோ. வேலைக்காரருக்குக் களை எப்ப தெரிஞ்சது? பயிர் வளர்ந்து கதிர் விட்டாப் பிறகு. எங்கட வயலில நெல்லுப் போலவே நிக்கிற கோழிச்சூடன் புல்லும் அப்பிடித்தான். விதைச்சு மூண்டு கிழமைக்குள்ள வரம்பில நிண்டு பாத்து அதையும் நெல்லையும் பிரிக்க ஏலாது. குனிஞ்சு, இலை தண்டோட சேருற இடத்தை விலத்திப் பாக்கவேணும். நெல்லெண்டால் அதில மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒண்டும், ரண்டு பக்கமும் மயிர் முளைச்ச சின்னக் காதும் இருக்கும். கோழிச்சூடனுக்கு ரண்டும் இல்லை, வழுவழுவெண்டு கிடக்கும். பிள்ளையளை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய் விரலாலயே தடவிப் பாக்கச் சொல்லுங்கோ.

நாங்கள் வீசி விதைக்கிற ஆக்கள், நாத்து நடுறது குறைவு. உவமையில வாறதும் வீசி விதைச்ச வயல்தான். வரிசை கிடையாது, வேரோட வேர் பின்னிப்போய் நிக்கும். குடலைப் பருவம் (கதிர் தண்டுக்குள்ள இருக்கிற பருவம்) தாண்டினாப் பிறகு ஒரு கோழிச்சூடன் பத்தையை இழுத்தால் பக்கத்து நெல்லும் சேத்துக் கிளம்பும். இறங்கி நடக்கிற காலில மிதிபடுறது வேற. அந்த நேரத்தில விவரம் தெரிஞ்ச கமக்காரன் வயலுக்குள்ள ஆளை இறக்கான். ஏலுமெண்டால் களைக் கதிரை மட்டும் கொய்வான், ஏலாட்டி விடுவான். மருந்தடிக்கிற காலமும் போயிருக்கும். ஆனபடியால் வீட்டுக்காரர் சொன்னது வயல் தெரிஞ்ச ஆளின்ர பேச்சு. (இப்ப வெட்டு மெசினோட வயலுக்கு வயல் வாற களைநெல் இதிலும் மோசம். அதுவும் நெல்லுச் சாதிதான், நெல்லுக்கு அடிக்கிற மருந்துக்கு அது அசையாது. மணி முத்த முதலே உதிரத் தொடங்கினாத்தான் ஆள் பிடிபடும்.)

இனி மற்றக் கேள்வி. எனக்கு அதுதான் பெரிசு.

வீட்டுக்காரர் களையைப் பற்றி நல்லதாய் ஒரு சொல்லும் சொல்லேல்லை. இது எதிரி செய்த வேலை எண்டு நேரடியாய்ச் சொல்லுறார். அவர் நம்பாதது வேலைக்காரற்ற கையை. அறுக்கிறவை வானதூதர் எண்டு 39ஆம் வசனத்தில விளக்கம் வருது, வேலைக்காரர் எண்டு வரேல்லை.

அந்தக் கை என்ன செய்யும் எண்டு எங்கட சனத்துக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. 80களில எங்கட ஆக்களே ஒருத்தரைத் துரோகி எண்டு எழுதி மின்கம்பத்தில கட்டினதைக் கண்ணால பாத்தவை இப்பவும் இருக்கினம். பிறகு, ஆமிக்காரர் எங்களை முகம் மூடின தலையாட்டிக்கு, ஆளைக் காட்டிக்குடுக்கிறவனுக்கு, முன்னால வரிசையில நிக்கவைச்சாங்கள். அவன்ர தலை ஆடினால் களை, ஆடாட்டி நெல்லு. ரண்டு இடத்திலயும் பிடுங்கினவைக்குத் தங்கட கண்ணில துளி சந்தேகம் இருக்கேல்லை.

2008 சித்திரையில, சண்டை நெருங்க, மடுக்கோயிலில இருந்த மடுமாதாவின்ர சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போச்சினம். நாங்களும் அந்த வரியம்தான் வெளிக்கிட்டது. முகாமெல்லாம் முடிஞ்சு திரும்பி வந்தால் வயல் முழுக்கப் பத்தை. மிதிவெடி எடுத்து முடியத்தான் விதைச்சம். அந்த நேரம் இயக்கத்தில இருந்த எங்கட பங்குப் பெடியன் ஒருத்தன் அரசாங்கத்தின்ர புனர்வாழ்வு முடிஞ்சு வந்தான். அவனைக் கூலிக்குக் கூப்பிட ஆள் இல்லை. சில பேருக்கு அவன் வீடு வீடாய் இயக்கத்துக்குப் பிள்ளை பிடிச்சவன். மற்றச் சில பேருக்கு அவன் இப்ப ஆமிக்குத் தகவல் குடுக்கிறவன். ஒரே ஆள், ரண்டு பக்கத்தாலயும் களை. இண்டைக்கு எங்கட வாய்க்காலில தண்ணி பங்கிடுறது அவன். சிறுபோகத்தில இரவிரவாய்த் தண்ணிச் சண்டை வாற இடம் அது. மண்வெட்டியோட கொதிச்சுக்கொண்டு வாறவனும் அவன் சொன்னால் நிண்டு கேக்கிறான். அண்டைக்கு ஊர் அவனைப் பிடுங்கி எறிஞ்சிருந்தால் அவன்ர தாயும் ரண்டு தங்கச்சிமாரும் சேத்துக் கிளம்பியிருப்பினம். இயேசு வேரைப் பற்றிச் சொன்னது இதைத்தான் எண்டு நான் நம்புறன்.

பதில்: இறையியல் மாணவன்

ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். இந்த உவமை நான்கு நற்செய்திகளில் மத்தேயுவில் மட்டுமே வருகிறது. அந்தக் களை டார்னல் என்ற புல்லாக இருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. கதிர் வரும்வரை கோதுமை போலவே நிற்கும். அதன் மணி மாவில் கலந்தால் தலைச்சுற்று வரும். பிறர் பயிருக்குள் அதை வேண்டுமென்றே எறிவது அக்காலத்தில் நடந்த காரியம்தான். 6ஆம் நூற்றாண்டில் யுஸ்தினியான் பேரரசன் தொகுப்பித்த உரோமச் சட்டத்தில் அதற்கே வழக்கு உண்டு.

துரோகி விடயமும் திருச்சபைக்குப் புதிதல்ல. 303இல் உரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களை ஒடுக்கிய கலாபனையில் உயிருக்குப் பயந்து வேதநூல்களை ஒப்படைத்தவர்களை வட ஆபிரிக்காவில் ஒரு பகுதியினர் காட்டிக்கொடுத்தவர்கள் என்று ஒதுக்கினார்கள். அவர்கள் கொடுக்கும் திருவருட்சாதனங்களும் செல்லாது என்று பிரிந்து போனார்கள். அப்படிப் பிரிந்து போனவர்களுக்கு எதிராக ஆயர் அகுஸ்தீனார் திரும்பத் திரும்ப எடுத்தது இந்த உவமையைத்தான். இன்று களையாக இருப்பவர் நாளை கோதுமையாகலாம் என்பது அவர் வாதம். பின்னாளில் அதே அகுஸ்தீனார் அவர்கள்மீது அரச பலத்தைப் பாவிக்கச் சம்மதித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் மனம் அக்காலத்து இன்னொரு ஆயரான கிறிசோஸ்தோம் அருளப்பரோடு நிற்கிறது. தவறான போதனை சொல்லும் தப்பறைக்காரரைத் தடுக்கலாம், கொல்லக் கூடாது என்று இதே உவமைக்கு விளக்கம் சொன்னவர் அவர்.

பதில்: முல்லைக்கரை

அண்ணை, நீங்கள் எழுதினதை ரண்டு தரம் வாசிச்சன். கோவிக்காதேங்கோ. என்ர தம்பியை 2009 வைகாசியில, சண்டை முடியிற நேரம், வட்டுவாகலில எங்கட கையாலயே ஆமியிட்டை ஒப்படைச்சம். அண்டைக்குப் பிறகு அவனைக் காணேல்லை. எத்தினை விசாரணைக்குப் போனன், எத்தினை படிவம் நிரப்பினன். 2017இல காணாமல் ஆக்கப்பட்டவை எங்க எண்டு கேட்டுக் கொட்டில் போட்டு றோட்டில இருக்கத் தொடங்கினாப் பிறகு, "கடவுள் பாத்துக்கொள்ளுவார், நீங்கள் விடுங்கோ" எண்டு சொல்ல வராத ஆள் இல்லை. இந்த உவமையும் எங்களைப் பேசாமல் இரு எண்டுதான் சொல்லுதோ?

பதில்: கட்டுக்கரைக் கமக்காரன்

இல்லைத் தங்கச்சி. அப்பிடி ஆராவது உங்களுக்குப் பிரசங்கம் வைச்சால் லூக்கா 18ஐத் திறந்து காட்டுங்கோ. ஒரு கைம்பெண். கடவுளுக்கும் பயப்பிடாத, மனிசரையும் மதிக்காத ஒரு நடுவன். அவள் போய்ப் போய்க் கேக்கிறாள். அவளைப் பொறுத்திரு எண்டு இயேசு சொல்லேல்லை. மனந்தளராமல் செபிக்கிறதுக்கு அவளைத்தான் எங்களுக்கு முன்னால கொண்டுவந்து நிப்பாட்டுறார். கடவுள் அந்த நடுவனைப் போல எண்டு அங்க அர்த்தம் இல்லை. அவனே கடைசியில அசைஞ்சான், கடவுள் அசையமாட்டாரோ எண்டுதான் கேள்வி.

களை உவமைக்குள்ளயும் பாருங்கோ. வேலைக்காரர் முதல் செய்தது கேள்வி கேட்டது. நல்ல விதைதானே விதைச்சீர், களை எங்கையிருந்து வந்தது எண்டு வீட்டுக்காரரிட்டையே போய் நிக்கினம். அவர் அவையைப் பேசேல்லை, எதிரி எண்டு பதில் சொன்னார். "என்ர தம்பி எங்க, ஆர் கொண்டு போனது" எண்டு நீங்கள் கேக்கிறதும் அதே கேள்வி. ஆர் செய்தது எண்டு தெரியவேணும், அது வழக்காய் நடக்கவேணும். அறுவடை எண்டு ஒண்டு இருக்கெண்டால் நீதி எண்டு ஒண்டு இருக்கெண்டுதான் அர்த்தம். கொண்டு போனவன்ர பிள்ளையை, அவன்ர ஊரை, அவன்ர சனத்தையே பிடுங்குவம் எண்டு ஆராவது வெளிக்கிட்டால் அவைக்குத்தான் இந்த உவமை குறுக்க நிக்கும். நீங்கள் அப்பிடி ஒருநாளும் கேட்டதில்லை.

பதில்: உருத்திரபுரம் ரீச்சர்

ஐயா, மிச்சம் நன்றி. வெள்ளி பின்னேரம் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போறன், காது பார்க்க. ஞாயிறு லூக்கா 18ஐயும் சேர்த்து வாசிக்கப் போறம். அக்கா, விசுவாசிகள் மன்றாட்டில் உங்கட தம்பியின் பெயரைச் சொல்ல விரும்புறன். சம்மதம் என்றால் தனிமடலில் அனுப்புங்கோ.

பதில்: முல்லைக்கரை

அனுப்பியிருக்கிறன், பிள்ளை. இறந்தவைக்கான மன்றாட்டோட சேர்க்கவேண்டாம். வேற மன்றாட்டில வாசியுங்கோ.