போனில் வைஃபை பறக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் ஊர்கிறது - உதவுங்கள்

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ரவுட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் அடுத்த அறையில், நடுவில் ஒரே சுவர். கம்ப்யூட்டர் மேஜையிலேயே போனை வைத்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 90 வருகிறது, கம்ப்யூட்டரில் 4, 5, சில சமயம் 2. மகளுக்குச் சாயங்காலம் ஆன்லைன் வகுப்பு, டீச்சர் முகம் அப்படியே நின்றுவிடுகிறது, போன வாரம் இவள் சொன்ன பதில் அங்கே போய்ச் சேரவே இல்லை, அழுதுவிட்டாள். ரவுட்டரை அணைத்துப் போட்டேன், வைரஸ் ஸ்கேன் செய்தேன், டிரைவரும் புதிதாக ஏற்றியாயிற்று. கம்ப்யூட்டரில் வைஃபை பிடிப்பது யூஎஸ்பியில் செருகும் குட்டிக் கருவி, அதாவது டாங்கிள்தான், 150 எம்பிபிஎஸ் வகை. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா?

பதில் 1:
அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அபார்ட்மெண்டா? வைஃபை பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (பட்டைக்குள் இருக்கும் தடங்கள்) 1, 6, 11 மட்டும்தான். பக்கத்து வீடுகளெல்லாம் 6இல் இருந்தால் நீங்கள் 1க்கோ 11க்கோ மாற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
தனி வீடு சார். சேனலை 11க்கு மாற்றினேன், வேகம் 6 எம்பிபிஎஸ் வந்தது, அவ்வளவுதான்.

பதில் 2:
டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது? அதற்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

கேட்டவர்:
கம்ப்யூட்டர் கேபினட்டுக்குப் பின்னால், நீல நிற போர்ட்டில். ஒட்டினாற்போல இன்னொரு நீல போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், பேக்கப்புக்காக எப்போதும் அதிலேயே இருக்கும்.

பதில் 2:
எனக்கு அந்த ஹார்ட் டிஸ்க் மேல்தான் சந்தேகம். நீல போர்ட் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0 என்ற வேகமான வகை. யூஎஸ்பி 3.0 ஓடும்போது அதன் போர்ட், கேபிள் எல்லாவற்றிலிருந்தும் வானொலி இரைச்சல் கிளம்பும், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. உங்கள் டாங்கிள் 2.4 மட்டும் பிடிக்கிற வகையாகத்தான் இருக்கும், போன் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும், அதனால்தான் போனுக்கு இந்தத் தொல்லை இல்லை. போதாததற்கு கேபினட்டின் தகரம் வேறு ரவுட்டரை மறைக்கிறது. முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு டெஸ்ட் போடுங்கள். வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் லிங்க் ஸ்பீடு என்று ஒன்று இருக்கும் (டாங்கிளுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான இணைப்பு வேகம்), அதையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நம்பவே முடியவில்லை! லிங்க் ஸ்பீடு 13இல் இருந்தது, கழற்றியதும் 72. டெஸ்ட்டில் 31 வருகிறது. திரும்பச் செருகி ஒரு ஃபைலை காப்பி செய்தேன், உடனே 5க்கு இறங்கிவிட்டது. ஆனால் பேக்கப்பை நிறுத்த முடியாதே, என்ன செய்வது?

பதில் 2:
நிறுத்த வேண்டாம். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, முன்பக்கத்துக் கருப்பு போர்ட்டில் (அது பெரும்பாலும் பழைய யூஎஸ்பி 2.0) செருகி, டாங்கிளை மேஜைக்கு மேலே, ரவுட்டர் இருக்கிற பக்கமாக வையுங்கள். பின்னால் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பதில் 3:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. கையில் காசு சேர்ந்ததும் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் டாங்கிளாக மாற்றிவிடுங்கள், ஒரு சுவர்தானே, தாங்கும். முடிந்தால் ஹாலிலிருந்து லேன் கேபிளே இழுத்துவிடலாம், வகுப்புக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

கேட்டவர்:
கேபிள் வாங்கியாயிற்று. டாங்கிளை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன், பேக்கப் ஓடும்போதே 34 வருகிறது. இன்றைக்கு வகுப்பு ஒரு மணி நேரம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. லேன் கேபிளுக்கு நாளைக்குச் சுவரை அளக்கிறேன்.