கிளாரிஸ் திரும்பி வரலாமா? நாவலும் படமும்

கிளிநொச்சி ரீச்சர்:
எங்கள் வாசிகசாலையில் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் கூடி வாசிக்கிறோம். அடுத்து அடக்குமுறை அரசுகளைப் பற்றிய கதைகளை எடுக்கப் போகிறேன். ரே பிராட்பரியின் 'பாரன்ஹீட் 451' நாவலை (1953) முதலில் கொடுப்பதா, 1966இல் பிரெஞ்சு இயக்குநர் துரூபோ எடுத்த படத்தை முதலில் போடுவதா?

என்னை உறுத்துவது கிளாரிஸ்தான். நாவலின் நாயகன் மொன்டாக், வாசிக்கத் தடையுள்ள ஒரு நாட்டில் புத்தகங்களை எரிப்பதை வேலையாகச் செய்கிறவன். அவனுடைய பக்கத்து வீட்டுப் பெண்ணான கிளாரிஸ் பாதியிலேயே இல்லாமல் போகிறாள். அதை மொன்டாக்கின் மனைவி இரவு படுக்கையில் போகிற போக்கில் சொல்கிறாள்: கார் அடித்துவிட்டது, செத்திருப்பாள் போல, வீட்டுக்காரரும் எங்கேயோ போய்விட்டார்கள், சொல்ல மறந்துபோனேன். அவ்வளவுதான். அவளுக்கு என்ன நடந்தது என்று மொன்டாக் யாரிடம் போய்க் கேட்பது? படத்திலோ கிளாரிஸ் தப்பி, புத்தகங்களை மனப்பாடம் செய்து காட்டில் வாழ்கிறவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறாள்.

2017 பெப்ரவரியில் இங்கே கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி அங்கே இருந்த அம்மாமாரில் சிலர் இவர்களுக்குச் சொந்தம். 'சொல்ல மறந்துபோனேன்' என்பதை நான் விளக்கத் தேவையில்லை. படத்தை முதலில் போட்டால், அவள் எப்படியும் வந்துவிடுவாள் என்ற நினைப்போடுதானே அந்தப் பக்கத்தை வாசிப்பார்கள்?

மல்லாவியான்:
ரீச்சர், நானென்றால் படத்தைத்தான் முதலில் போடுவேன். தொடக்கத்தில் பெயர்கள் எழுத்தில் வராது, ஒரு குரல் சொல்லிக்கொண்டு போகும். வாசிக்கத் தடையுள்ள நாடு என்பது அதிலேயே விளங்கிவிடும். மொன்டாக் பார்க்கிற பத்திரிகையிலும் வெறும் படங்கள்தான். 1981இல் யாழ் நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களை எங்கள் பிள்ளைகள் ஒரு எண்ணாகத்தான் கேட்டிருக்கிறார்கள். தாள் சுருண்டு கருகுவதைத் துரூபோ அவ்வளவு கிட்டக் காட்டுகிறார். அதை ஒருக்கால் பார்க்கட்டும்.

புதுக்குடியிருப்பு வாசகன்:
கிளாரிஸுக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை, அக்கா. ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை' நாவலில் விலங்குகள் மனிதனை விரட்டிவிட, பன்றிகள் ஆளத் தொடங்கும்; கடைசியில் பன்றி எது, மனிதன் எது என்று மற்ற விலங்குகளுக்குப் பிரித்தறிய முடியாமல் போகும். 1954இல் வந்த கார்ட்டூன் படத்தில் அதே விலங்குகள் பன்றிகளுக்கு எதிராக எழும்பிவிடுகின்றன. அந்தப் படத்துக்கு மறைவில் காசு கொடுத்தது அமெரிக்க உளவுத்துறை சிஐஏ. ஆறுதலான முடிவைக் கண்டால், அது யாருக்குத் தேவைப்பட்டது என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள். ஓர்வெலின் இன்னொரு நாவலான '1984'ஐ வைத்து எடுத்த, ஜோன் ஹர்ட் நடித்த படத்தில் இந்தச் சமாளிப்பு இல்லை. அரசை எதிர்க்கப் பார்த்த நாயகன் வின்ஸ்டன் உடைந்தவன் உடைந்தவன்தான்.

வவுனியா:
'பாரன்ஹீட் 451' வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் தமிழிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள்.

கிளிநொச்சி ரீச்சர்:
மல்லாவித் தம்பி சொல்கிற தாள் கருகும் காட்சிக்காகப் படத்தைக் கட்டாயம் போடுவேன். ஆனால் அதற்கு முந்திய சனிக்கிழமை அந்தப் படுக்கையறைப் பக்கத்தை ஒரு பிள்ளையை எழுப்பிச் சத்தமாக வாசிக்க வைக்கப் போகிறேன். படம் முடிந்ததும், கிளாரிஸ் உயிரோடு வந்தது ஆறுதலா, கோபமா என்று கேட்பேன். அந்த அம்மாமாரின் பிள்ளைகள் என்ன சொன்னாலும் குறுக்கிட மாட்டேன். வவுனியாப் பக்கம் யாரிடமாவது அந்தத் தமிழ்ப் பிரதி இருந்தால் இரவலாகத் தாருங்கள், பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.