இந்தியன் ஓப்பன்: பை சுமந்தவர்களின் கதையா, கிளப்காரர்களின் கதையா?

மாங்குளத்தான் | இரவு 8.10
நேற்று வவுனியாவில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் டிவியில் கோல்ப் ஓடிக்கொண்டிருந்தது. "பணக்காரர் விளையாட்டு, மாற்று" என்று ஒருவர் சத்தம் போட்டார். நான் மாற்ற வேண்டாம் என்றேன். சண்டை அங்கே முடியவில்லை, இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

இந்தியாவின் பெரிய கோல்ப் போட்டியான இந்தியன் ஓப்பன் தொடங்கியது 1964 இல். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்ற அவுஸ்திரேலியர் பீட்டர் தொம்சனின் முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. முதல் கிண்ணமும் அவருக்குத்தான். அடுத்த வருடம் பி. ஜி. சேத்தி என்ற இந்தியர் வென்றார், ஆனால் அவர் அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவர். அதற்குப் பிறகு ஜப்பான், தாய்வான், அவுஸ்திரேலியா, அமெரிக்கா என்று வந்தவர்களே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1981 இல் அமெரிக்கரான பேய்ன் ஸ்டூவர்ட் கூட.

26 வருடம் கழித்து, 1991 இல், மறுபடியும் ஓர் இந்தியர்: அலி ஷேர். தில்லி கோல்ப் கிளப்பில் கேடியாக இருந்தவர். கேடி என்றதும் சிரிக்காதீர்கள், ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்கு அதுதான் பெயர். 1993 இல் திரும்பவும் வென்றார். 2009 இல் பெங்களூரில் பை சுமந்த முனியப்பா. (பெயரைக் கேட்டால் நம்ம ஊரில் வேப்பமரத்தடியில் சூலத்தோடு நிற்கிறவர் போல இல்லையா?) 2013 இல் பங்களாதேஷின் சித்திகுர் ரஹ்மான். டாக்காவில் பந்து பொறுக்கத் தொடங்கிய பெடியன். இந்தப் போட்டியின் வரலாறு கிளப்காரரின் வரலாறு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இரணைமடுக் கமக்காரன் | 8.41
தம்பி, நீர் சொல்வது மூன்று நான்கு பேரின் கதை. அறுபது வருடப் போட்டியை அவர்களின் முதுகில் ஏற்றுகிறீர், பையை ஏற்றியது போலவே.

கல்கத்தாவில் கிளப் வந்தது 1829 இல். கொழும்பில் 1879, நுவரெலியாவில் 1889. தேயிலை எங்கே போனதோ அங்கே அந்தப் பந்தும் போனது. வன்னிக்கு வரவில்லை, நல்லதாய்ப் போயிற்று. அந்தப் புல்லுக்கு எவ்வளவு தண்ணீர் இறைக்க வேண்டும் என்று யோசித்தீரா? சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று நாங்கள் குளத்துக் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

இன்னொன்று. சித்திகுர் வென்றது தில்லி கோல்ப் கிளப்பில்தானே? அதே கிளப்பில் 2017 இல் மேகாலயத்துப் பாரம்பரிய உடையில் விருந்துக்கு வந்த ஒரு பெண்ணை, வேலைக்காரி போல இருக்கிறார் என்று மேசையிலிருந்து எழுப்பினார்கள். செய்தி நாடு முழுக்க நாறிய பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். கேடி கிண்ணம் வாங்கலாம், ஆனால் சாப்பாட்டு மேசை வேறு கதை.

மாங்குளத்தான் | 9.02
அண்ணை, மேசை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். அதற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2015 ஐப் பாருங்கள். அதே மைதானம். கடைசி நாள் தொடங்கும்போது எஸ்.எஸ்.பி. சௌராசியா முன்னால். அவருடைய தகப்பன் ரோயல் கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவர். பெடியன் அந்தப் புல்லிலேயே பார்த்துப் பழகியவன். துரத்தியவர் அனிர்பன் லாஹிரி, ராணுவ வைத்தியரின் மகன், தகப்பனிடமே பழகியவர். கோல்பில் குறைந்த தடவை பந்தை அடிப்பவரே வெல்வார். அந்தக் கணக்கில் ஏழு அடி பின்னால் இருந்த லாஹிரி சமன் செய்து, சமநிலையை முறிக்க ஆடும் மேலதிகக் குழியில் வென்றார். சௌராசியா அதற்கு முன்னும் இரண்டாம் இடம் வந்து வந்து வெறுத்துப் போனவர். சரி, முடிந்தது என்று நினைத்தோம். 2016 இல் அதே லாஹிரியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வென்றார். 2017 இல் குர்கானில் ஏழு அடி வித்தியாசத்தில் திரும்பவும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏ9 பயணி | 9.15
2017 இல் நிறுத்திவிட்டீர்களே, பிறகு? 2018 மட் வாலஸ், இங்கிலாந்து. 2019 கலகர், ஸ்கொட்லாந்து. கொரோனாவால் மூன்று வருடம் போட்டியே இல்லை. 2023 சீம், ஜெர்மனி. 2024 நகாஜிமா, ஜப்பான். 2025 சக்காரா, ஸ்பெயின். 2015 இல் ஐரோப்பியச் சுற்று என்ற தொழில்முறைப் போட்டித் தொடரோடு கைகோத்தார்கள், பரிசுக் காசு ஏறியது, பை சுமந்தவன் பட்டியலில் இருந்து இறங்கிவிட்டான். கமக்கார அண்ணை சொல்வதில் பாதி சரி.

மாங்குளத்தான் | 9.19
பாதிதானே!

பாரதிபுரத்துப் பேத்தி | 9.58
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் தாத்தா மலைநாட்டில் ஒரு கோல்ப் மைதானத்தில் பை சுமந்தவர். 77 கலவரத்துக்குப் பிறகுதான் குடும்பம் கிளிநொச்சிக்கு வந்தது.

அவர் சொன்னதில் இரண்டு பேருக்கும் பதில் இருக்கிறது. பற்றைக்குள் விழுந்த பந்தைத் தேடி எடுத்து, கழுவி, அதே துரைமாருக்கே விற்பார்களாம். மட்டையைக் கையில் கொடுப்பார், ஆனால் அந்தப் பச்சையில் ஒரு பந்து அடிக்க விட்டதில்லை. இருட்டிய பிறகு லயத்துக்குப் பின்னால் வளைந்த கொய்யாத் தடியால் அடித்துப் பழகியிருக்கிறார். இது கமக்கார அண்ணனுக்கு.

மற்றது மாங்குளத்து அண்ணனுக்கு. குழிக்குப் பக்கத்தில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று துரை தாத்தாவிடம்தான் கேட்பாராம். "புல் எந்தப் பக்கம் படுத்திருக்கு என்று எனக்குத்தான் தெரியும், அவனுக்குக் காசு மட்டும்தான் தெரியும்" என்பார். சொல்லும்போது முகத்தில் கோபமே இருக்காது, பெருமைதான் இருக்கும். எனக்குத்தான் கோபம் வரும்.

இரணைமடுக் கமக்காரன் | 10.20
பிள்ளை, இதற்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல. ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஒருநாள் அடிக்க விட்டிருந்தால் தாத்தா வென்றிருப்பாரா?

பாரதிபுரத்துப் பேத்தி | 10.31
தெரியாது அண்ணா. அதைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. சித்திகுர் 2016 ஒலிம்பிக்குக்கு நேரடியாகவே தகுதி பெற்றார், பங்களாதேஷில் அப்படிப் போன முதல் ஆள். அந்தச் செய்தி வந்தபோது தாத்தா உயிரோடு இல்லை.

மாங்குளத்தான் | 10.34
தாத்தாவின் சாமான் ஏதும் மிச்சம் இருக்கிறதா தங்கச்சி?

பாரதிபுரத்துப் பேத்தி | 10.40
ஒரு துரை போகும்போது கொடுத்த ஏழாம் நம்பர் இரும்பு மட்டை இருக்கிறது. பிடி கழன்று சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறோம். அம்மா அதை வைத்துத்தான் கட்டாக்காலி மாடு விரட்டுகிறார்.